லூசியா வெட்டிய காட்சி

போன மாதம் லண்டன் ஆர்ச்வேயில் எங்கள் வீட்டுக்கு மெக்சிகோவிலிருந்து ஒரு விருந்தாளி வந்து போனாள். போய் வாரக்கணக்காகிறது. இன்னும் என் ஃபோன் அடித்தால் நெஞ்சு ஒருமுறை திடுக்கிடுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அவளை எங்களிடம் அனுப்பியவள் ஷர்மிளா. மலேசியத் தமிழ்ப் பெண். இங்கே ஒரு குறும்பட விழாவில் வேலை செய்கிறாள். "அக்கா, எல்லாரையும் ஹோட்டல்ல வைக்க எங்க பட்ஜெட் போதல. உங்க மகள் ரூம் சும்மாதானே இருக்கு? நல்ல பொண்ணுக்கா. டைரக்டர்."

டைரக்டர் என்றதும் கறுப்புக் கண்ணாடியும் பட்டு ஸ்கார்ஃபுமாக ஒருத்தியைக் கற்பனை செய்துவைத்திருந்தேன். வந்து நின்றதோ... மழையில் நனைந்த ஜாக்கெட்டும் முதுகுப் பையுமாக, யூனிவர்சிட்டிப் பிள்ளை மாதிரி ஒருத்தி. பெயர் லூசியா. என் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். உறைப்புக்கு அசையவே இல்லை. அதற்குப் பிறகு அந்நியம் ஏது?

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இருவருக்குமே அது இரவல் மொழி. அதனால் நிதானமாகப் பேசி, நன்றாகவே விளங்கிக்கொண்டோம்.

குறும்படத்துக்கு யார் டிக்கெட் வாங்கிப் போகிறார்கள்? அதனால்தான் அது விழா விழாவாக அலைகிறது. ஓரிடத்தில் தேர்வானால் அடுத்த ஊர்க்காரர் திரும்பிப் பார்ப்பார். ஒரு பரிசு கிடைத்தால் பெரிய விழாவின் கதவு கொஞ்சம் திறக்கும். லூசியாவின் படம் அவளுடைய மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தொடங்கி, மெக்சிகோ நகரத்துக்குப் போய், ஸ்பெயினில் பரிசு வாங்கி, லண்டன் வந்திருந்தது. இங்கே பரிசைத் தீர்மானிக்கும் ஜூரியில் ஒரு தயாரிப்பாளர் இருந்தார். லூசியாவிடம் ஒரு முழுநீளப் படத்துக்குக் கதை இருந்தது. "இங்கே பரிசு கிடைத்தால் அவரிடம் போய்ப் பேச எனக்கு வாய் வரும்" என்றாள்.

படம் என்ன என்று கேட்டேன்.

எல்விரா என்று ஒரு தாய். வேலைக்குப் போன மகன் திரும்பி வரவில்லை. ஞாயிறுதோறும் மற்றத் தாய்மாரோடு மலையடிவாரத்துக்குப் போகிறாள். ஓர் இரும்புக் கம்பியை மண்ணுக்குள் இறக்குகிறாள். வெளியே எடுத்து, பிண வாடை வருகிறதா என்று அதன் நுனியை மணந்து பார்க்கிறாள். பிறகு இன்னோர் இடம். இது நடிப்பு இல்லை; அந்தத் தாய் உண்மையான தாய். ஊர்ப் பெயரைப் படத்தில் எங்கும் சொல்லவில்லை என்றாள் லூசியா. சொன்னால், மகனைக் கொண்டுபோனவர்களால் ஆபத்து.

காணாமல் போனவர்களின் தாய்மாரைப் பற்றி ஈழத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து தோட்டப் பக்கம் போய்விட்டார்.

படம் சனிக்கிழமை மாலை. அன்று மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவள் ஃபோனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. காதில் வைத்துக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். கரண்டியைத் தட்டில் வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தாள்.

எல்விராவின் பக்கத்து வீட்டுக்காரி பேசியிருந்தாள். நேற்று மாலை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் தெருவுக்கு வந்தார்களாம். "படத்தில் வருகிற அம்மாவின் வீடு இதுதானே?" என்று கேட்டார்களாம். மரியாதையாகத்தான் கேட்டார்களாம்.

அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று காலை எல்விராவின் கதவு பூட்டியிருக்கிறது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. லூசியா அவள் எண்ணுக்கு அடித்தாள். ஸ்பானிஷில் ஒரு பதிவுக் குரல் ஏதோ சொன்னது. திரும்ப அடித்தாள். அதே குரல்.

என் கணவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். இங்கே ஹவுன்ஸ்லோ பக்கம் ஆயுள் பாதியை வேலையில் கழித்தவர். ஆனால் பயம் வந்தால் தமிழ்தான் வரும்.

"அவளிட்டைக் கேளும். ஊர்ப் பேர் சொல்லேல்லை எண்டவள். அப்ப வீட்டை எப்பிடிக் கண்டுபிடிச்சவங்கள்?"

அவருக்கு அந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. முன்பு இங்கே இலங்கை அரசுக்கு எதிரான ஓர் ஊர்வலத்தில் யாரோ எடுத்த படத்தில் அவர் முகமும் விழுந்துவிட்டது. கொஞ்ச நாளில் யாழ்ப்பாணத்தில் மாமியின், அதாவது அவர் அம்மாவின், வீட்டுக்கு ஆட்கள் வந்து, "மகன் லண்டனில் சுகமாக இருக்கிறாரா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் செய்யவில்லை. விசாரித்தார்கள்... அவ்வளவுதான். அதற்குப் பிறகு கலியாண வீட்டிலும் இவர் வீடியோக்காரருக்கு முதுகைத்தான் காட்டுவார்.

கேள்வியை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். லூசியா லேப்டாப்பைத் திறந்தாள். தேடவில்லை. நேராகப் படத்தின் கடைசிக் காட்சிக்குப் போனாள்.

எல்விரா வீட்டுக்குத் திரும்பி, நீலக் கதவைத் திறந்து உள்ளே போகிறாள். கதவு மூடுகிறது. கமரா உள்ளே போகவில்லை, தெருவிலேயே நிற்கிறது. மாலை வெயில். நீலக் கதவு. பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. அதன் சுவரில் பெரிய எழுத்தில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

"இந்த வெளிச்சத்துக்காக எத்தனையோ நாள் காத்திருந்தேன்" என்றாள். "ஸ்பெயினில் பரிசு கொடுத்தபோது இந்தக் காட்சியைத்தான் பாராட்டினார்கள். போஸ்டரிலும் இதுதான் இருக்கிறது."

நாங்கள் மூவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பரிசு கிடைக்காமல் இருந்திருந்தால் இதை யார் பார்த்திருப்பார்கள்?" என்றாள்.

ஷர்மிளாவுக்கு ஃபோன் செய்து, அந்தக் காட்சியை வெட்டலாமா என்று கேட்டேன். போஸ்டரை இணையத்திலிருந்து உடனே எடுத்துவிடுவதாகச் சொன்னாள். பிறகு தயங்கினாள். "அக்கா, நீங்களே அவகிட்ட சொல்லுங்க, எனக்கு மனசு வரல. படத்துல கை வச்சா போட்டில இருக்க முடியாது. போட்டிக்கு வெளியே வேணா காட்டலாம்."

சொன்னேன். லூசியா தலையாட்டினாள். ஆனால் கை நகரவில்லை.

"அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இனி வெட்டி என்ன?" என்றாள்.

"வெட்டச் சொல்லும்" என்றார் இவர். "ரெண்டு பேர் கண்டுபிடிச்சிட்டாங்கள் எண்டு ஊருக்கெல்லாம் வழி காட்டோணுமோ?"

எங்கள் சாப்பாட்டு மேசையில், குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில், அவள் தன் படத்தின் மிக நல்ல காட்சியை வெட்டி எடுத்தாள். ஃபோன் அருகில் கிடந்தது. அது வெளிச்சம் காட்டிய ஒவ்வொரு தடவையும் மூவரும் மூச்சை நிறுத்தினோம். ஒரு தடவை சூப்பர்மார்க்கெட் தள்ளுபடி விளம்பரம். அன்று அந்த விளம்பரத்தை நான் சபித்த மாதிரி வாழ்க்கையில் எதையும் சபித்ததில்லை.

விழாவுக்கு டியூப் ரயிலில் போக அவள் சம்மதிக்கவில்லை. சுரங்கத்தில் சிக்னல் வரும், போகும்... அந்த நேரம் பார்த்து எல்விரா எடுத்தால்? பஸ்ஸில் போனோம். ஊர்ந்து ஊர்ந்து.

தியேட்டருக்குள் லூசியா வரவில்லை. வாசல் படிக்கட்டில் ஃபோனோடு உட்கார்ந்துவிட்டாள். இவர் கூட நின்றார். நான் மட்டும் உள்ளே போனேன். படம் இப்போது எல்விரா கம்பியைப் பாவாடையில் துடைப்பதோடு சட்டென்று முடிகிறது. இருட்டு. சனம் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு நல்லதாகப் படவில்லை. செத்த வீட்டில் யாரோ சிரித்த மாதிரி இருந்தது.

வெளியே வந்தால், லூசியா ஃபோனைக் காதில் வைத்து ஸ்பானிஷில் பேசிக்கொண்டே அழுகிறாள். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மொழி தெரியாதது அன்றுதான் அப்படிச் சுட்டது.

"பஸ்ஸில் இருக்கிறாள்" என்றாள் கடைசியில். "தங்கையின் ஊருக்குப் போகிறாள்."

அந்த மனிதர்கள் முன்வாசலில் விசாரித்தபோது எல்விரா பின்னால் குசினிக் கதவால் வெளியேறியிருக்கிறாள். ஃபோனை அணைத்துவிட்டு, இரவு ஒரு தோழி வீட்டில் ஒளிந்திருந்து, காலையில் பஸ் ஏறியிருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். கேட்டதும் இவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது, எல்விரா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"வாசலை வெட்டிவிட்டேன் என்றேன். நல்லது என்றாள். முகத்தையும் மறைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மகன் எங்காவது இருந்து பார்த்தால் அம்மாவை அடையாளம் தெரியவேண்டுமாம்."

பஸ் ஜன்னலைத் துடைப்பதுபோல் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பரிசு வேறு படத்துக்குப் போனது. தயாரிப்பாளர் கைகொடுத்து, ஈமெயில் அனுப்பச் சொன்னாராம். அனுப்பினாள், இதுவரை பதில் இல்லை. எல்விரா வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த இருவர் மறுபடி வந்தார்களா? யாருக்கும் தெரியாது. லூசியா இப்போது ஊர் ஊராகக் கடிதம் எழுதி, பழைய பிரதியையும் போஸ்டரையும் அழிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். "இன்றைக்கு இன்னோர் இடத்தில் எடுத்துவிட்டார்கள்" என்று எனக்குச் செய்தி வரும். எல்லா இடமும் முடிந்ததா என்று நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

நல்ல படம் நம்மைக் கையைப் பிடித்து அந்த வீட்டு வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய்விடும் என்பார்கள். உண்மைதான்... இன்னும் யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகும் என்றுதான் யாரும் சொல்வதில்லை.