சென்னாக்குன்னிக் கடையின் சனிக்கிழமைகள்

தெரிந்ததைச் சொல்லாமல் விட்டது பெரிய தப்பா, உறுதியாகத் தெரியாததைச் சொல்லி வைத்தது பெரிய தப்பா? இதற்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

நேற்று எங்கள் அடையாறு குடியிருப்பில், கீழ்வீட்டில் யாரோ சென்னாக்குன்னி வறுத்தார்கள். தெரியாதவர்களுக்கு: அது பொடிப்பொடி இறால் கருவாடு. நாலு வயது மகள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்னம்மா இது?" என்றாள். ஜன்னலைச் சாத்தலாமா, சாத்தினால் கீழ்வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று நான் நின்றபடி யோசித்ததில் அவர்கள் சாப்பிட்டே முடித்திருப்பார்கள். என் சுபாவம் அப்படி. குழந்தை ஒரு தும்மல் போட்டால் இரண்டு டாக்டரிடம் கேட்கிறவள் நான்.

சைவ வீட்டில் பிறந்த எனக்கு அந்த வாசனை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கிண்டியில் ஓர் ஆன்லைன் சந்தை நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தேன். வீட்டிலிருந்தே பொருள் விற்கும் சின்ன வியாபாரிகள் அதில் கடை போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பிரச்சினை என்றால் போன் எடுப்பது என் வேலை. அவர்களில் ஒருவர் பட்டினப்பாக்கத்துப் பிலோமினா அக்கா. சென்னாக்குன்னியை மண் போகச் சலித்து, காயவைத்து, பாக்கெட் போட்டு விற்றார். ஒருமுறை அலுவலகத்துக்கே வந்து என் கையில் ஒரு பாக்கெட்டைத் திணித்துவிட்டுப் போனார். மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் ஏறினேன். மாம்பலம் வருவதற்குள் என்னைச் சுற்றித் தாராளமாக இடம் கிடைத்தது. வாசலிலேயே அம்மா மறித்தாள். "என்னடி பையில? ஆத்துக்குள்ள வராதே, அங்கேயே நில்லு!"

அக்காவுக்குத் தமிழ் படிக்க வரும். ஆனால் வாங்கியவர்கள் கடைக்குக் கீழே எழுதும் கருத்துகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் சனிக்கிழமை காலையில் போன் செய்வார். புகார் எதுவும் இருக்காது. "இந்த வாரம் இன்னா எழ்திக்கீறாங்க? படிம்மா" என்பார். நான் தமிழில் சொல்வேன். அழைப்புக்கு ஏதாவது காரணம் பதிய வேண்டுமே, 'விவரம் கேட்டார்' என்று பதிந்துவிடுவேன். பூனாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'வறுத்ததும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிச் சண்டைக்கு வந்தார். மறுபடியும் வாங்குவேன்.' அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தாளுக்கும் ஒரு பாக்கெட் அனுப்சுடு. வாய் மூடிக்கினு துன்னட்டும்." பிறகு என்னையும் விடவில்லை. "துன்னு பாக்காமலே நல்லாக்கீதுன்னு சொல்ற ஒரே ஆளு நீதாம்மா."

ஒரு திங்கட்கிழமை எங்கள் தளத்தில் பொருள் தேடும் முறையை மாற்றினார்கள். அதுவரை நிறைய நல்ல கருத்துகள் சேர்ந்த பழைய கடைகள் மேலே வரும். இனிமேல் பளிச்சென்ற படமும் மறுநாளே அனுப்பும் வசதியும் உள்ளவை மேலே வரும் என்றார்கள். தரையில் பேப்பர் விரித்துப் படம் எடுத்தவர்கள் எல்லாரும் எங்கோ கடைசிக்குப் போய்விட்டார்கள். போன் ஓயவில்லை. கே.கே. நகரில் நைட்டி விற்பவர் தினமும் கூப்பிட்டு, "ஏம்மா, கடையையே முழுங்கிட்டீங்களா? ஏப்பமாவது விடுங்க!" என்று கத்துவார். திட்டுவதோடு சரி, வேறு எதுவும் செய்யமாட்டார்.

வியாழக்கிழமை எங்கள் டீம் லீட் முரளி என் மேசையருகே குனிந்தார். "பழையபடி மாத்திடலாமான்னு மேல பேசறாங்க. செல்லர் யார்கிட்டயும் வாயத் தொறந்துடாதே. நடக்கலேன்னா நம்ம தலைதான் உருளும்." நான் தலையாட்டினேன். சொன்னதைக் கேட்கும் பெண் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குப் பெயர்.

வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிட்டார். "இன்னாம்மா, போன்ல தள்ளிக்கினே போறேன், என் கடையக் காணோம். நாலு நாளா ஒரு ஆர்டர் இல்ல. சரக்கு மூட்டையா நிக்குது. மழை வந்துச்சின்னா எல்லாம் பூஞ்சை பூத்துடும்." அந்தக் குரலில் சிரிப்பே இல்லை. பொறுத்திருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, நானாகக் கவனித்து வைத்திருந்த ஒன்றைச் சொன்னேன். பழைய பதிவை அழித்துவிட்டு அதே பொருளைப் புதிதாகப் போட்டால் இந்தத் தேடல் சில நாள் அதை மேலே காட்டுகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள விடாது.

"அப்ப அவங்க எழ்தினதெல்லாம்?"

"போயிடும்க்கா. ஆனா புதுசா வரும்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எப்டி அழிக்கிறதுன்னு சொல்லு."

வழிகாட்டி வழிகாட்டி நானே அழிக்க வைத்தேன். இரண்டு நாள் ஆர்டர்கள் வந்தன. எனக்குப் பெருமை வேறு.

அடுத்த புதன்கிழமை பழைய தேடல் திரும்பி வந்தது. அலுவலகத்தில் கை தட்டினார்கள். எங்களிடம் கடை போட்டிருந்த தி.நகர் பாத்திரக்காரர் ஒருவர் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்பினார். கத்தியதைத் தவிர எதுவும் செய்யாத நைட்டிக்காரரின் கடை முதல் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அக்காவின் கடை ஒரு கருத்தும் இல்லாத புதுக் கடையாக அடியிலும் அடியில் கிடந்தது. அழித்ததை மீட்க முடியுமா என்று முரளியிடம் கெஞ்சினேன். "அவங்களே அழிச்சதா இருக்கே?" என்றார். நான் சொல்லித்தான் அழித்தார் என்று அப்போதும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல போன் வந்தது. "யாராச்சும் எழ்தினாங்களா?"

யாரும் எழுதவில்லை. நான் பூனாப் பெண்ணின் கருத்தை ஊரை மாற்றி, புதிதாக வந்ததுபோலப் படித்தேன்.

அக்கா முழுவதையும் கேட்டார். "இது அப்பவே படிச்சதுதானேம்மா," என்றார். பிறகு, "பரவால்ல. இன்னொரு தபா படி."

படித்தேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சில மாதத்தில் கடையை மூடிவிட்டார். கடைசி அழைப்பில், "உன் மேல இன்னா தப்பு? நீ ஒருத்திதான் எனக்காவப் பேசின" என்றார். மகள் வயிற்றில் இருந்தபோது நான் வேலையை விட்டேன். அந்த நிறுவனமும் இப்போது இல்லை. நைட்டிக்காரரின் முதல் பக்கம், பூனாப் பெண் எழுதிய வரி, நான் பதிந்த பொய்க் காரணங்கள், ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலையில் என்னிடம் படிக்கச் சொல்ல யாரும் இல்லை.

போன மாதம் ஆட்டோவில் போகும்போது கடற்கரைச் சாலை ஓரத்தில் அக்காவைப் பார்த்தேன். வெயிலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார், இளைத்திருந்தார். நான் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். பழைய தேடல் திரும்பி வரலாம் என்று எனக்கு முன்பே காதில் விழுந்திருந்தது அவருக்குத் தெரியாது. ஒரு நாள் தேடிப் போய்ச் சொல்லிவிடலாமா? சொன்னால் என் மனம் லேசாகும், அவருக்கு மிச்சமிருக்கும் ஒரு நல்ல நினைப்பும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. உங்களில் யாராவது அவர் இடத்தில் இருந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். நீங்களாக இருந்தால், தெரிந்துகொள்ள விரும்புவீர்களா?