பட்டனை அழுத்திவிட்டுப் பேசாமல் இருக்க முடியாத சுமதி அக்கா

சுமதி அக்கா போய்விட்டார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர்தான்... எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் வாக்கி டாக்கி சர்வீஸ் கடையில் என் பக்கத்து டேபிள். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு அன்னதானம் போடுகிறவர்கள் கையில் இருக்கும் செட்டெல்லாம் நாங்கள் இருவரும் பார்த்துக் கொடுப்பவை.

இன்றைக்கும் பௌர்ணமி. கூட்டம் இறங்கிவிட்டால் கிரிவலப் பாதையில் வண்டி போகாது. அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அடி அண்ணாமலையில் அவர் வீட்டில் அவசரப்படுகிறார்கள்.

நானோ இங்கே... பிரீக்வென்சி கவுன்டர் முன்னால். செட் எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று எண்ணிக் காட்டும் பெட்டி. அரை மணி நேரம் சூடானால்தான் அது காட்டுவதை நம்பலாம். தினமும் அக்காதான் முதலில் வந்து ஆன் செய்வார்.

இன்று யாரும் செய்யவில்லை; நான் வந்துதான் போட்டேன். ராத்திரி அன்னதானத்துக்குப் போகிற செட்டுகளை அளந்து கொடுக்காமல் கிளம்பவும் முடியாது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அளக்கும்போது ஒருவர் செட்டின் பட்டனை அழுத்திக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பேசினால் கடைசி எண்கள் ஆடும். அக்காவால் அது மட்டும் முடியாது. சாம்பாரில் உப்பு ஜாஸ்தியானது வரைக்கும் சொல்லியாக வேண்டும்.

வாயை மூடுங்கக்கா என்று கத்துவேன். "சும்மா அழுத்திக்கினு இருந்தா தூக்கம் வருது தம்பி" என்பார்.

ஒருநாள் ஒரு செட்டை எவ்வளவு திருகியும் கவுன்டரில் எண் அசையவே இல்லை. எனக்கோ எரிச்சல். கடைசியில் பார்த்தால், கவுன்டரை ஒட்டி அக்காவின் கைப்பை. முந்தின நாள் வீட்டுக்குப் போகிற வழியில் பேசிப் பார்க்க எடுத்துப்போன இன்னொரு செட் உள்ளே... டிபன் பாக்ஸ் அதன் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறது. அவ்வளவு நேரமும் கவுன்டர் பைக்குள் இருந்ததைத்தான் எண்ணியிருக்கிறது.

அக்கா சிரித்த சிரிப்பில் முதலாளியே எட்டிப் பார்த்தார்.

இப்போது கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

செட்டுகளை வாங்கிப்போக அன்னதானக் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். இன்னும் ஒரு செட் கூட அளக்கவில்லை என்பதையும் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினார்.

"நாங்க செல்போன்ல பேசிக்கிறோம். நீங்க மொதல்ல போங்க."

பௌர்ணமிக் கூட்டத்தில் செல்போன் லைன் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும்.

கவுன்டர் இப்போதுதான் சூடாகியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கட்டும். வண்டியை எடுக்கிறேன்.

அக்கா, கொஞ்சம் இருங்க... வந்துட்டே இருக்கேன்.