சபைச் சுற்றுலாவும் ஒரு பச்சைக் குப்பியும்

எங்கள் திருச்சபைச் செயலாளரைப் பழிவாங்க நான் கண்டுபிடித்த ஆயுதம், பொறுப்பான சுற்றுலா.

அதற்கு முந்தைய வருடம் கீரிப்பாறைக்குப் போயிருந்தோம். வேனில் பெரிய ஸ்பீக்கர், ஆற்றில் சோப்பு நுரை. சாப்பாடு முடிந்ததும் செயலாளர் ஒரு பச்சை சோடாக் குப்பியைப் பாறைமேல் நிறுத்திவைத்துக் கல்லெறிப் போட்டி நடத்தினார். அவரே ஒரே எறியில் உடைத்தார். கை தட்டல் காட்டைக் கலக்கியது.

என் தங்கை அங்கே அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அன்றைக்கு அவளைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் அதே இடத்தில் துணி அலசப் போனவளின் உள்ளங்காலில் பச்சைக் கண்ணாடி ஏறியது. காயம் ஆறியது, நரம்பு ஆறவில்லை. மலைச்சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கி நடந்தால்தான் அந்த வேலை. இவள் இன்னமும் நொண்டுகிறாள், வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறாள். யார் உடைத்த குப்பி என்று நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு வருடம் கறுவிக்கொண்டே இருந்தேன். யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராமலா போகும்?

இந்த வருடமும் கீரிப்பாறைதான்; ஏற்பாட்டை நானே கேட்டு வாங்கினேன். வேன் கிடையாது, தோட்டத்து பஸ்தான். வாழையிலையில் பொதிச்சோறு. பாட்டும் இல்லை, சோப்பும் இல்லை. ஆளுக்கொரு சாக்கு, வழியெல்லாம் குப்பை பொறுக்க வேண்டும். போதகர் "கொள்ளாமே!" என்று மகிழ்ந்துவிட்டதால் செயலாளரால் வாய் திறக்க முடியவில்லை. பெரிய சாக்கைத் தேடிப்பிடித்து அவரிடம் கொடுத்தேன்.

"இது பிக்னிக்கா, தண்டனையா?" என்று மூச்சிரைத்தார்.

"பொறுப்பு அண்ணாச்சி, பொறுப்பு" என்றேன்.

அவர் கெண்டைக்காலில் அட்டைகள் தொங்கின. அட்டைக்குப் போடும் உப்பு என் பையில் இருந்தது. கொடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை வருந்தவும் இல்லை.

கடைசியில் எல்லோரையும் தங்கை வீட்டுக்குச் சாயா குடிக்கக் கூட்டிப்போனேன். அவள் நொண்டி நொண்டி வந்து டம்ளரை நீட்டினாள்.

"காலுக்கு என்ன பற்றிச்சு மக்ளே?" என்றார் செயலாளர்.

"ஆத்துல குப்பி குத்திச்சு அண்ணாச்சி. எந்த ஊருக்காரங்களோ வந்து ஒடச்சுப் போட்டிருக்கினும்."

"மனுசன்மாரா அவனுவ!"

அவருக்கு நினைவே இல்லை. இந்த நிமிடத்துக்குத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தேன்.

"நீங்கதான் அண்ணாச்சி. போன வருசம் கல்லெறிப் போட்டி. பச்சைக் குப்பி."

சாயா டம்ளர் அவர் கையிலேயே நின்றது. அவர் முகம் செத்துப்போனதைக் கண்குளிரப் பார்த்தேன்.

தங்கை அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அப்பம் நீயும் அங்க நின்னியா எக்கா?"

நின்றேன். முதலில் கை தட்டியதும் நான்தான்.