மாடியில் கட்டிய பாத்தி

முத்தையாபுரத்தில், உப்பளத்தை ஒட்டிய கடைசித் தெருவில் இருக்கிறது முருகேஸ்வரியின் வீடு. தெருவில் மழை விட்ட பிறகுதான் அந்த வீட்டுக்குள் மழை ஆரம்பிக்கும். வெளியே பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடும், வெயில்கூட எட்டிப் பார்க்கும். உள்ளே முருகேஸ்வரி வாளியையும் குண்டானையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டிருப்பாள். மேலே கான்கிரீட் குடித்து வைத்த தண்ணீர் ஆற அமர, எந்த அவசரமும் இல்லாமல் இறங்கும்.

வாளி வைப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை. இந்த ஐப்பசியில் அவள் கவலை வேறு. மகள் அனுசியா குலசேகரன்பட்டினத்தில் மாசமாக இருந்தாள். தலைப்பிள்ளை. கார்த்திகையில் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். பெற்று எழுந்து, பிள்ளைக்குத் தலை நிற்கிறவரைக்கும் இங்கேதான் இருப்பாள். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி. சொட்டாத இடம் என்று இந்த மூன்றில் எங்கே கட்டிலைப் போடுவது? பச்சை உடம்புக்காரியையும் பச்சைப் பிள்ளையையும் எந்த மூலையில் படுக்க வைப்பது?

முருகேஸ்வரி விவரம் தெரிந்த நாளிலிருந்து உப்பளத்தில் நின்றவள். மிதித்துக் கெட்டிப்படுத்திய பாத்தியில் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, விளைந்த உப்பை வாரிக் கரையில் கொட்டுகிற வேலை. கால் வெடிக்கும், கண் கூசும். அதையெல்லாம் அவள் ஒரு குறையாகச் சொன்னதே கிடையாது. அவள் வரப்புப் போட்டால் ஒரு சொட்டுக் கசியாது என்று அளத்தில் பெயர். கணவன் மாரிராஜ் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் அந்த வீட்டைக் கட்டினார்கள். அதுவரை ஓலைக் குடிசை. புயல் அடிக்கிற வருஷமெல்லாம் ஓலையைப் பொறுக்கி வந்து திரும்ப வேய்ந்த அலுப்பில், கட்டினால் கான்கிரீட்தான் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் அவள்தான்.

அந்தப் பக்கத்தில் எங்கே குழாய் இறக்கினாலும் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். அதற்கு நல்ல தண்ணி என்று பெயர். நல்ல தண்ணியில் கால் கழுவினால் பெற்ற தாய்கூட முதுகில் ஒன்று வைப்பாள். வீடு கட்டின கொத்தனார் பொன்னுதுரை அண்ணாச்சி விவரமான ஆள். உப்புத் தண்ணியில் கலவை போட்டால் கட்டடம் உருப்படாது என்று அவருக்குத் தெரியும். கான்கிரீட் போட்ட அன்று கலவைக்கென்று தனியாக லாரித் தண்ணீர் வாங்கி வைக்கச் சொன்னார். அதில் ஒரு சொம்பைக்கூட வேறு வேலைக்குத் தொட விடவில்லை. எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

“ஏளா முருகேஸ்வரி, கான்கிரீட்டக் காய விட்றாத. மேல தண்ணி நின்னுக்கிட்டே இருக்கணும்.”

எந்தத் தண்ணீர் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது? குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய் யாராவது மாடியில் கொட்டுவார்களா? அந்த ஊரில் பிறந்த எவருக்கும் அப்படி ஒரு எண்ணமே வராது. முருகேஸ்வரி களிமண் குழைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். மாடி முழுக்க வரப்புப் போட்டுப் பாத்தி பாத்தியாகப் பிரித்தாள். கொல்லைக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து நிரப்பினாள். வெயில் குடித்துவிட்டுப் போகும், அவள் மறுபடி நிரப்புவாள். அளத்து வேலை முடிந்து இடுப்பு கழன்று வந்தாலும் அதை மட்டும் விட்டது கிடையாது. வேறு வீடுகளில் கடனே என்று சாக்கை நனைத்துப் போட்டதோடு சரி. இவள் மாடியைப் பார்த்துவிட்டு, வீட்டை இப்படியல்லவா கட்ட வேண்டும் என்று தெருவே மெச்சியது.

“எம் பொஞ்சாதி பாத்தி கெட்டுனா அதுல கப்பலே விடலாம்” என்று மாரிராஜ் துறைமுகம் பூராவும் பீற்றிக்கொண்டான்.

கடைசியில் வரப்பை உடைத்தபோது தளத்தின்மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. முருகேஸ்வரி சிரித்துக்கொண்டே அதை விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினாள். உப்புக்காரி வீட்டில் உப்புப் பூக்காமல் வேறு என்ன பூக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேலியும் பேசினாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

கொஞ்ச வருஷம் வீடு நன்றாகத்தான் இருந்தது. பிறகு கூடத்துக் கூரையில் பழுப்பாக ஒரு ஈரம் தெரிந்தது. அடுத்த மழைக்கு அது சொட்டியது. ஒழுகுகிற வீட்டுக்கு வருகிறவன் எல்லாம் வைத்தியன். சிமெண்டுப் பால் கரைத்து ஊற்று என்றான் ஒருவன், ஊற்றினார்கள். வெள்ளை மருந்து அடித்தால் உச்சி வெயிலுக்கும் அசையாது என்றான் கடைக்காரன், அடித்தார்கள். ஒருவன் தார் பாயைச் சுட்டு ஒட்டிவிட்டுப் போனான். உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்து அதை அப்பளம்போல் பொரித்துப் போட்டன. கடைசியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு மேலே தட்டோடு என்கிற சதுர ஓட்டைப் பதித்தார்கள். ஏற்கெனவே தள்ளாடுகிறவன் தலையில் இன்னொரு மூட்டை. அது இரண்டு மழை தாங்கியது. ஆகா, தப்பித்தோம் என்று அனுசியாவின் கல்யாணத்தை அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடத்தினார்கள். தட்டோட்டுக்குக் கீழே என்ன நடக்கிறதென்று யார் கண்டார்கள்?

இந்த ஐப்பசியில் அறை, அடுப்படி எல்லாம் சேர்ந்து சொட்ட ஆரம்பித்ததும் மாரிராஜ் நேசக்குமாரைக் கூட்டி வந்தான். நாசரேத்துப் பக்கத்துப் பையன். ஒழுக்கு அடைப்பதையே தொழிலாகச் செய்கிறவன். நேசக்குமார் மாடிக்குக்கூட முதலில் ஏறவில்லை. அறைக்குள் நின்று சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே வந்தான். கட்டிலுக்கு நேர் மேலே வந்ததும் சத்தம் பொத்தென்று மாறியது.

“கட்டில அங்கன தள்ளுங்கக்கா” என்றான்.

தள்ளிவிட்டு நிமிர்வதற்குள் ஓர் ஆள் அகலத்துக்குப் பூச்சும் கான்கிரீட்டும் பெயர்ந்து தரையில் விழுந்தது. கட்டில் கிடந்த அதே இடம். மேலே கம்பி தெரிந்தது. கம்பி என்று சொல்ல முடியாது, ஏடு ஏடாகத் துரு. நேசக்குமார் விரலால் கிள்ளினான், கையோடு வந்தது.

“கலவை எந்தத் தண்ணியிலக்கா போட்டிய?”

“லாரித் தண்ணி. பொன்னுதுரை அண்ணாச்சி வேற தண்ணி தொட விடமாட்டாவ.”

“பெறவு மேல நனைச்சதுக்கு?”

“அத நாந்தான் தம்பி செஞ்சேன். மாடி பூரா பாத்தி கெட்டி தண்ணிய நிறுத்துனேன். ஒரு நாளு காயவிடல” என்றாள் முருகேஸ்வரி. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதைச் சொல்லும்போது குரலில் பெருமை வந்துவிட்டது.

“எந்தத் தண்ணி?”

“கொல்லையில வார தண்ணிதான்.”

நேசக்குமார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். ஏசியிருந்தால்கூட அவள் பதிலுக்கு ஏசியிருப்பாள். அவன் சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னான்.

“புதுக் கான்கிரீட்டு மேல நிக்கிற தண்ணியக் குடிக்கும்க்கா. தண்ணி காஞ்சுரும், உப்பு உள்ளயே கெடக்கும். நீங்க ஊத்த ஊத்த உப்பு ஏறிக்கிட்டே இருந்திருக்கு. அது கம்பியத் திங்கும். துரு புடிச்ச கம்பி ஊதும். ஊதுனா கான்கிரீட்டு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாத்தான் மழத் தண்ணி எறங்குது. மேல மேல பூசி நீங்க ஒழுகுற வாயத்தான் அடைச்சிய. உள்ள கம்பி செத்துக்கிட்டே இருந்திருக்கு.”

“இப்ப என்னய்யா செய்ய?” என்று கேட்டான் மாரிராஜ்.

“ஒரு எடம் ரெண்டு எடம்னா துருவச் சொரண்டி, புதுக் கம்பி சேத்துக் கெட்டிப் பூசிரலாம். இது பூரா போச்சு அண்ணாச்சி. எறக்கிட்டு வேற போடணும். வாங்குற காசுக்கு ஒரு பூச்சுப் பூசிட்டு நான் போயிரலாம். மனசு கேக்காது.”

“பிள்ளத்தாச்சி வந்து படுக்கலாமா?” முருகேஸ்வரிக்கு வேறு எந்தக் கேள்வியும் வாயில் வரவில்லை.

“எங்க அக்கான்னா நான் படுக்க விடமாட்டேன்.”

அவன் போன பிறகு அவள் அந்த இடிபாட்டின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரை வைவது? கொத்தனார் தன் வேலையைச் சரியாகச் செய்தார். புருஷன் குடித்து அழிக்கவில்லை. சோம்பேறித்தனமாக விட்டிருந்தால் இந்த வீடு நின்றிருக்கும்; பக்கத்து வீட்டில் சாக்கு நனைத்துப் போட்டவர்களின் கூரை இன்றைக்கும் கல்லாக நிற்கிறது. அளத்தில் கூலிக்கு என்ன செய்தாளோ அதையே தன் தலைக்கு மேலே கூலி இல்லாமல் செய்திருக்கிறாள். பாத்தி கட்டி, உப்புத் தண்ணீர் விட்டு, வெயிலில் காய வைத்து, தன் வீட்டுக்குள்ளேயே உப்பு விளைய வைத்திருக்கிறாள்.  தன் கையையே வெட்டிப் போடலாம்போல் இருந்தது.

கூரையை இறக்குவது அவர்களால் ஆகிற காரியமில்லை. மழை மாசம் அளத்தில் வேலை கிடையாது. வாடகைக்கு வீடு கேட்டு மாரிராஜ் அலைந்தான். பிள்ளைப்பேற்றுக்கு என்றதும் தீட்டு என்று அத்தனை பேரும் கையை விரித்தார்கள். அனுசியா மட்டும் போனில் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள், எப்போது கூட்டிப் போவாய் என்று. முருகேஸ்வரி ஏதோ சொல்லி மழுப்பிக்கொண்டே வந்தாள்.

வளைகாப்பு நாளும் வந்தது. வளையலும் வகைவகையாகச் சோறும் கட்டிக்கொண்டு குலசேகரன்பட்டினம் போனார்கள். அனுசியா கன்னத்தில் சந்தனமும் கை நிறைய வளையலுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே அவள் பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் மருமகன் ஜெயகணேஷின் அம்மா இசக்கியம்மாள் வந்தாள்.

“மதினி, நல்ல நேரம் போறதுக்குள்ள பிள்ளையக் கூட்டிட்டுக் கெளம்பிருங்க.”

முருகேஸ்வரி மகளின் பையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். “அவ இங்கனயே இருக்கட்டும் மதினி.”

சுற்றி இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன சொல்லுதிய? தலப்பிள்ளையல்லா?”

“வீடு ஒழுகுது மதினி.”

“மழைக்கு எந்த வீடுதான் ஒழுகல? ஒரு வாளிய வச்சாத் தீந்துச்சு” என்றாள் இசக்கியம்மாள். “செலவுக்கு யோசிச்சா நேராச் சொல்லுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்.”

யாரோ சிரித்தார்கள். கூரை இடிந்து விழும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சிரிப்பு அடங்கியிருக்கும். வளையல் போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைத்தாய்ச்சி முன்னால் இடியும், விழும் என்று பெற்றவள் வாயால் சொல்ல முடியுமா? முருகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். மாரிராஜ் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

அனுசியா உள்ளறைக்குப் போனாள். முருகேஸ்வரி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

“என்னக் கூட்டிட்டுப் போவமாட்டியாம்மா? நான் ஒனக்கு அம்புட்டு பாரமாயிட்டனா?”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டில் கிடந்த இடம், கிள்ளினால் உதிர்கிற கம்பி, கொல்லைத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

“நாந்தாம்ளா கெடுத்தேன். எங்கையாலயே கெடுத்தேன்.”

அனுசியா முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“எம்மா, நானும்லா ஊத்துனேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சின்னக் கொடத்துல. ஏணியில ஏறாதன்னு நீ வஞ்சாலும் கேக்காம ஏறி ஊத்துவேன்.”

முருகேஸ்வரிக்கு அது மறந்தே போயிருந்தது. இடுப்பில் குடமும் இரட்டைச் சடையுமாக ஏணியில் ஏறிய பிள்ளை இப்போதுதான் கண்முன்னால் வந்து நின்றது. அவள் பதறிப்போனாள்.

“ஏளா, நீ ஊத்துனது நல்ல தண்ணி. ஒங்கொடத்துல மட்டும் நான் லாரித் தண்ணிதான் மோந்து குடுத்தேன்.”

அனுசியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் கொப்புளிக்க நல்ல தண்ணி எடுத்ததற்காக அடி வாங்கி வளர்ந்தவள் அவள். அந்த வீட்டில் ஒரு சொட்டு நல்ல தண்ணியும் மாடிக்கு ஏறியிருக்காது என்று அவளுக்குத் தெரியாதா?

“ஆமாம்மா, நல்ல தண்ணிதான்” என்றாள்.

பிறகு தரையில் மெதுவாக உட்கார்ந்து, கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்தாள். சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். முருகேஸ்வரியும் பக்கத்தில் உட்கார்ந்து, அவற்றை வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்கினாள்.