ஆறு மணி நேரத்தில் லண்டன்

சிங்கப்பூருக்கு அக்கரையில் உள்ள தம்போயில், எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் கஸ்தூரியக்கா இருபது வருடமாகத் தோசைமாவு அரைத்து விற்கிறார். வெயில் நாளில் எட்டு மணி நேரம், மழை நாளில் பத்து. அதற்குள் மாவு பொங்கிவிடும் என்பது அவர் கணக்கு. அது தப்பி நான் பார்த்ததேயில்லை. லண்டனுக்குப் போனபோதுதான் தப்பியது.

அங்கே மகள் ஷாமளா மூன்று மாதக் கர்ப்பிணி. எதைத் தின்றாலும் வாந்தி. கடை மாவின் வாடையே ஆகவில்லை. வீட்டில் அரைத்தால் குளிரில் பொங்கவில்லை. "உங்க தோசைன்னா சாப்பிடுவேன்னு தோணுதும்மா" என்று போனில் அழுதிருக்கிறாள். அதுவரை விமானத்தில் கால் வைக்காத அக்கா அன்றைக்கே கிளம்ப முடிவு செய்துவிட்டார், மாவோடு.

டிக்கெட்டைப் பார்த்தார். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பகல் பன்னிரண்டுக்கு ஏறினால் லண்டனில் மாலை ஆறுக்கு இறக்கம். ஆக ஆறு மணி நேரம். வீடு சேர இரண்டு. மொத்தம் எட்டு. மாவுக்கென்றே விட்ட விமானம் போல இருந்தது. தூரம் கிட்டத்தட்ட பதினோராயிரம் கிலோமீட்டர் என்று கணவர் மூர்த்தி போனில் பார்த்துச் சொன்னார். முப்பது வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டிய மனிதர். அவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? "பிளேன் லா, வேகமா போயிரும்" என்று முடித்துவிட்டார். இரண்டு ஊருக்கும் கடிகாரம் வேறு என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்த மாவு சாங்கி வரை ஐஸ் பெட்டியிலேயே போனது. சாமான்களை ஒப்படைக்கும் நேரத்தில்தான் மாவு டின்னை எடுத்துப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தார்கள்.

ஏறி ஆறு மணி நேரம் ஆனதும் அக்கா செருப்பை மாட்டி, கைப்பையை மடியில் வைத்துத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். முன்னாலிருந்த திரையோ இன்னும் எட்டு மணி நேரம் என்றது. லண்டன் நேரம் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால் என்று பக்கத்து இருக்கையில் இருந்த நர்மதா என்ற பெண் பொறுமையாக விளக்கினாள். அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். வீடு சேரப் பதினாறு மணி நேரம். மருமகனுக்கு வாங்கிய பட்டு வேட்டியில் மாவு பொங்கி வழிவது கண்முன்னால் தெரிந்தது. வேட்டி போனால் போகட்டும், பிள்ளைக்கு எதைக் கொடுப்பேன் என்றுதான் பயம். விமானத்தில் தந்த சாப்பாட்டைத் தொடாமலே திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் பெட்டியைத் திறந்தால் வேட்டி அப்படியே இருந்தது. மாவு டின்னின் விளிம்புக்குக் கீழே அளவாகப் பொங்கி நின்றது. சாமான் வைக்கும் இடம் குளிராக இருந்திருக்கும், அதனால்தான் மெதுவாகப் புளித்திருக்கிறது என்று மருமகன் லோகேஸ்வரன் விளக்கினார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை, தோசைக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் தோசையை ஷாமளா தின்று முடித்தாள். மருமகன் பக்கத்தில் வாளியோடு நின்றார். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அக்கா அடுப்பைக்கூட அணைக்காமல் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு ஊத்துங்கம்மா" என்றாள் ஷாமளா.