ஆயுத பூஜையன்று பதில் சொன்ன பெட்டி

இதையெல்லாம் நம்புகிற ஆள் நான் கிடையாது. பேய், குறி, கனவில் வந்து சொன்னது என்று யாராவது ஆரம்பித்தால், குடித்துக்கொண்டிருக்கும் டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விடுவேன். நீங்களும் அப்படிப் போகலாம், வருத்தமில்லை, ஆனால் இது என் கண்ணால் பார்த்தது.

தொண்ணூறுகளில் தாமிரபரணிக் கரையில் ஒரு ஆலையில் வேலை. ஒவ்வொரு பெரிய மெஷினிலும் கையகலப் பெட்டி ஒன்று பொருத்தியிருக்கும், மாட்யூல் என்போம், மெஷின் எவ்வளவு அதிர்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். என் அறைக் கம்ப்யூட்டர் முதலில் எல்லாப் பெட்டிகளின் கடிகாரத்தையும் தன் நேரத்துக்குச் சரிசெய்யும், பிறகு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கேட்கும், கேட்கப்பட்ட பெட்டி அதிர்வையும் அதை அளந்த நேரத்தையும் பதிலாக அனுப்பும். இதில் சாமிக்கும் பூதத்துக்கும் என்ன வேலை, நீங்களே சொல்லுங்கள்.

அன்று ஆயுத பூஜை. மெஷின்களை நிறுத்திக் கழுவினார்கள். பாய்லர் புகையை இழுக்கும் பெரிய ஃபேனின் பெட்டிக்குள் தண்ணீர் போய்விடும் என்று நானே கம்பியைக் கழற்றி, பெட்டியை என் அறைக்குக் கொண்டுவந்து, எல்லாரும் செய்கிறார்களே என்று சந்தனம் குங்குமம் வைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

பூஜை முடிந்து மத்தியானம் எல்லாரும் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். கரண்டை நிறுத்தியதில் கடிகாரங்கள் பிசகியிருக்குமே என்று கம்ப்யூட்டரைப் போட்டேன், பூஜை நாளில் வேலை செய்யக்கூடாது என்பதையெல்லாம் நான் எங்கே பார்த்தேன். நேரத்தைச் சரிசெய்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். நிறுத்திவைத்த மெஷின்கள், எல்லாம் பூஜ்யம் என்றன.

ஃபேன் பெட்டியும் பதில் சொன்னது.

நம்பினால் நம்புங்கள். கம்பியில்லை, கரண்டில்லை, மேஜையில் குங்குமத்தோடு கிடக்கிறது, திரையில் அதன் அதிர்வு ஏறிக்கொண்டே போகிறது. மறுபடி கேட்டேன், இன்னும் ஏறியது. பதிலோடு வந்த நேரத்தைப் பார்த்தால் என் கடிகாரத்தைவிடச் சில நிமிஷம் முன்னால் ஓடுகிறது, இன்னும் வராத நேரம் அது. எழுந்து ஓடினேன்.

ஃபேன் நின்றுதான் இருந்தது. ஆனால் ஆள் இறங்குகிற பக்கவாட்டு மூடி திறந்திருந்தது, உள்ளேயிருந்து சுரண்டுகிற சத்தம். ஃபிட்டர் ஞானமுத்து அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், நமக்கென்ன பூஜை என்று இறக்கையில் படிந்த சாம்பலைச் சுரண்ட யாரிடமும் சொல்லாமல் உள்ளே இறங்கிவிட்டார்.

பூஜை முடிந்ததும் ஒவ்வொரு மோட்டாருக்கும் எலுமிச்சம்பழம் சுற்றி ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்துவது எங்கள் ஆலை வழக்கம். எலக்ட்ரீஷியன் சுடலைமுத்து பக்கத்து சுவிட்ச் அறையில் வரிசையாக அதைத்தான் செய்துகொண்டு வந்தான். அது நினைவு வந்து நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளியபோது பழம் இடது கையில், வலது கை ஃபேன் சுவிட்சில்.

"ஏலே சுடலை, கைய எடுலே. அண்ணாச்சி உள்ள கெடக்காரு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "மூடி சாத்திக் கெடக்குன்னுல்லா நெனைச்சேன் சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அண்ணாச்சி முகமெல்லாம் சாம்பலாக வெளியே வந்தார். விஷயம் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் யார்ட்டயும் சொல்லலியே. உமக்கு எப்படிவே தெரிஞ்சுது?"

"ஃபேனைப் பாக்க வந்தேன் அண்ணாச்சி, அவ்வளவுதான்" என்றேன்.

பிறகு மூடியைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார்கள், பிசிறில்லாமல் ஓடியது. நான் அறைக்குத் திரும்பி, அந்தப் பெட்டி அனுப்பிய அதிர்வை வரைபடமாகப் போட்டேன். மோட்டார் கிளம்பும்போது வருகிற அதே ஏற்றம், சீராக. நடுவில் ஒரு அடி. கல்லோ கழன்ற போல்ட்டோ பட்டால் கோடு ஊசியாகக் குத்தி நிற்கும், எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது மழுங்கிய அடி. மெத்தென்ற எதிலோ பட்டு, இறக்கை திணறி, மறுபடி சுற்றி, இன்னொரு முறை பட்டு, அப்புறம் மெல்ல மெல்ல நின்றிருக்கிறது.

அண்ணாச்சி இப்போதும் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து கொடுக்கிறார். அன்றைக்கு எப்படித் தெரிந்தது என்று வருஷாவருஷம் கேட்கிறார். அந்த வரைபடத்தை மட்டும் நான் அவருக்குக் காட்டவேயில்லை.