மீன் தூங்கும் வீடு

“மெதுவா வாங்க, மீன் தூங்குது” என்று வாசலிலேயே உதட்டில் விரலை வைத்துவிடுவார் கிதிர் முகம்மது. முற்பகலில் போனாலும் தூங்கும். அவர் பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு வந்த பிறகு போனாலும் தூங்கும். கூடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி, இரும்பு ஸ்டாண்டின் மேல், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் நீளத்தில் கண்ணாடித் தொட்டி. அதன்மேல் அவர் மனைவி ஜாஹிரா பீவியின் பழைய ஊதாச் சேலையை மடித்துப் போர்த்தியிருக்கும். உள்ளேயிருந்து மோட்டார் சத்தம் மட்டும் குறட்டை மாதிரி வரும். வந்தவர்கள் சேலையைப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மீன் பார்க்கப் போய்ச் சேலை பார்த்து வந்தவர்கள் தென்காசியில் எங்கள் தெருவில் நிறையப் பேர் உண்டு. நானும் ஒருத்தி.

எனக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். அறுபதைத் தொடப்போகும் ஒல்லியான மனிதர். கொத்தமல்லி வாங்கப் போனாலும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதோரம் ஒரு பொட்டு அத்தர். வாழ்நாளில் பாதியைத் தோஹாவில் ஓர் அரபி வீட்டுக் கார் ஓட்டிக் கழித்தவர். இன்றைக்கும் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்தால் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். “அங்கன சிஸ்டமே வேற” என்று ஆட்டோக்காரருக்குப் பாடம் நடத்துவார். ஆட்டோக்காரர்கள் அவரை ஏற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அந்த அரபி வீட்டுக் கூடத்தில் சுவர் முழுக்க ஒரு மீன் தொட்டி இருந்ததாம். அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கிதிர் பாயின் போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பின்னணியில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, நீலமும் ஆரஞ்சுமாகக் கோடு விழுந்த மீன்கள். டிஸ்கஸ் என்று பெயர். “மீன்லயே ராஜா இதுதான். காத்து பட்டாலே கோவிச்சுக்கும். அத்தனையும் நம்ம கையில வளந்தது” என்பார். தெருவில் யார் வீட்டுத் தங்கமீனுக்கு வயிறு வீங்கினாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே வைத்தியம்: “ரெண்டு கல்லுப்பப் போட்டு லைட்ட அணைச்சுரு.” அதிலும் சில மீன்கள் பிழைத்துக்கொண்டன என்பதுதான் அவருடைய அதிர்ஷ்டம், அல்லது துரதிர்ஷ்டம்.

போன வருடம் ஒரேயடியாக ஊர் திரும்பினார். மகள் ஜுஹைனாவைக் கட்டியிருக்கும் ஹுஸைஃபாவுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர், வேலை சென்னையில். மாமனார்மேல் உயிரை வைத்திருக்கும் பையன். அவன்தான் அந்தத் தொட்டியை வாங்கி லாரியில் அனுப்பினான். “இவ்வளவு நாளும் அரபி வீட்டு மீன வளத்தீங்க மாமா. இனிமே நம்ம வீட்டு மீன வளங்க” என்று போனில் சொன்னதை ஜாஹிரா தெருவுக்கே சொன்னாள். தொட்டியை இறக்கிய அன்று கிதிர் பாயின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அது சந்தோஷம் இல்லை என்பதை ஜாஹிராதான் சொன்னாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசினாள்.

“மீன வளத்தது அவுக இல்லக்கா. வாராவாரம் புனலூர்க்காரர் ஒருத்தர் வந்துதான் தொட்டிய சுத்தம் பண்ணுவாராம். அவருக்குத் தண்ணி வாளி தூக்க இவுகளக் கூப்பிடுவாக. மத்த நாளெல்லாம் டிரைவர் அந்தக் கூடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாதாம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஒருநா நான் அவுகளுக்குப் போன் போட்டப்ப அந்தப் புனலூர்க்காரரே எடுத்தாரு. ‘கிதிர் வாளி கொண்டு போயிருக்கு’ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. எத்தனையோ வருசமாச்சு. நான் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கிடல. காட்டினா அந்த மனுசன் மூஞ்சிய எங்கக்கா கொண்டு வைப்பாரு?”

வாரத்தில் ஒரு நாள், வாளியோடு, குளிர்ந்த கூடத்துக்குள் போய் வண்ண மீன்களைப் பார்த்து வந்த மனிதர் ஊருக்குப் போன் பேசும்போது என்ன சொல்வார்? வெயிலில் காருக்குள் காத்துக் கிடந்ததையா சொல்வார்? மீனைச் சொன்னார். கேட்பவர்கள் வாயைப் பிளந்தார்கள், இன்னும் கொஞ்சம் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

இப்படியாக, ஊரே மீன் நிபுணர் என்று நம்பும் ஒருவர் தன் வாழ்க்கையில் முதல் மீன் தொட்டியை அமைக்க உட்கார்ந்தார். தண்ணீருக்குள் செடியும் நட்டு வளர்க்கும் தொட்டி வேறு. எதுவும் தெரியாது என்பதைவிட யாரிடமும் கேட்க முடியாது என்பதுதான் அவருக்குக் கஷ்டமாகப் போயிற்று. தென்காசியில் கேட்டால் மானம் போகும். திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி ஒரு மீன் கடையில், “எங்க மாப்பிள்ளைக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது, அவருக்காகக் கேக்கேன்” என்று ஆரம்பித்திருக்கிறார். பாவம் ஹுஸைஃபா. கடைக்காரர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, நிபுணருக்குரிய தோரணையில் தலையை ஆட்டிவிட்டுப் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். மிச்சத்தை மொட்டை மாடியில் செல்போனில் வீடியோ பார்த்துப் படித்தார். அதுவும் மலையாள வீடியோ. தமிழ் என்றால் கீழே நிற்கிறவர்களுக்குப் புரிந்துவிடுமாம்.

புரிந்த பாதியோடு ஊர்ப் புத்தி மீதிப் பாதியாகச் சேர்ந்துகொண்டது. வாசுதேவநல்லூரில் அவருக்கு நம்பிராஜன் என்று ஒரு சிநேகிதர், எலுமிச்சைத் தோட்டக்காரர். செடி என்றதும் அவர் செம்மண்ணும் சாணி உரமும் ஒரு மூட்டை கொடுத்துவிட்டார். “அடியுரம் இல்லாம எந்தச் செடி பிடிக்கும்வே?” என்றாராம். நியாயம்தானே. அதைத் தொட்டியின் அடியில் கனமாகப் பரப்பினார் கிதிர் பாய். அடுத்தது தண்ணீர். சாரல் தொடங்கியிருந்த நேரம். ஆட்டோ நிறையக் கேன்களை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போய், அருவிக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பிடித்து வந்தார்.

“மூலிகைத் தண்ணி தங்கச்சி. மனுசனுக்கு மேலுவலியெல்லாம் போவுது, மீனுக்கு ஆகாதா?” என்று என்னிடம் கேட்டார்.

குற்றாலத் தண்ணீரைக் குறை சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு வாய் வரும்? நானும் ஆமாம் பாய் என்றேன். மேலே எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும் அத்தனை தலைகளையும் கழுவிக்கொண்டுதான் அந்தத் தண்ணீர் கீழே வருகிறது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. டிஸ்கஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்கிற மீன் என்பதும், அந்தத் தண்ணீர் நம் பல்லையே கிடுகிடுக்க வைக்கிற குளிர் என்பதும் அவர் பார்த்த வீடியோவில் வந்ததோ என்னவோ.

திருநெல்வேலியிலிருந்து சின்னதாக ஒரு ஜோடி டிஸ்கஸ் வந்து இறங்கியது. தண்ணீர் அதற்குள் பால் ஊற்றாத கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்திருந்தது. மேலே மெல்லிசாக எண்ணெய் மினுமினுத்தது. செடிகள் மட்டும் சாணி உரத்தில் ஜம்மென்று நின்றன. மீன்கள் நிறம் கறுத்து, மூலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடின. வாரம் முடிவதற்குள் இரண்டும் போய்விட்டன.

இதையும் அவர் சொல்லவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நானேதான் பார்த்தேன். கொல்லையில் வெள்ளைக் கைக்குட்டையில் எதையோ சுற்றி வைத்துக்கொண்டு குழி தோண்டினார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“எலுமிச்சங்கன்னுக்கு உரம் வைக்கேன்” என்றார். அங்கே எலுமிச்சங்கன்றே கிடையாது.

அன்றைக்குத்தான் சேலை தொட்டிமேல் ஏறியது. மனிதர் அதற்குப் பிறகு சுருங்கிப்போனார். டீக்கடைக்குப் போவதில்லை. பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் செருப்பைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார். எதிர்வீட்டு அனுசியா தன் பெண்ணின் தங்கமீன் சாய்ந்து நீந்துகிறது என்று கிண்ணத்தோடு வந்து நின்றபோது, “எனக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியமாட்டேங்குதும்மா” என்று அனுப்பிவிட்டார். ஹுஸைஃபா வீடியோ காலில் மீனைக் காட்டச் சொன்னாலும் “தூங்குது மாப்பிள்ளை” என்பதுதான் பதில். வெட்கம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. சேலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் அது முகத்தில் தெரியும். ஆனாலும் தொட்டியை விடவில்லை. உரத்தையெல்லாம் வாரிக் கொட்டினார். மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து ஊற்றினார், ஹீட்டர் மாட்டினார், புதிதாகச் செடி வாங்கி வந்து ஒவ்வொன்றாக நட்டார். எல்லாம் சேலைக்குப் பின்னால் நடந்தது. தண்ணீர் தெளிந்தது. அதில் மீன் விடலாமா கூடாதா என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆனி கடைசியில், குற்றாலச் சீசன் பார்க்க மகளும் மருமகனும் லீவு போட்டு வந்தார்கள். சென்னை ரயிலிலிருந்து இறங்கிய ஹுஸைஃபாவின் கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கிய டிஸ்கஸ், உள்ளங்கை அகலத்தில், நாலைந்து. மாமாவுக்குச் சொல்லாமல் கொண்டுவந்திருந்தான். கடையநல்லூரிலிருந்து சம்பந்தி வீட்டாரும் வந்துவிட்டார்கள். ஜாஹிரா என்னையும் கூப்பிட்டாள். கூடம் நிறைந்துவிட்டது.

ஜுஹைனா சேலையை உருவினாள். பச்சையாகச் செடிகள், கண்ணாடி மாதிரி தண்ணீர். மீன் ஒன்றுகூட இல்லை.

“மீனெல்லாம் எங்க வாப்பா?”

“ஒருத்தர் ஆசப்பட்டுக் கேட்டாரு, குடுத்துட்டேன்” என்றார். குரல் கூடத்தின் பாதிக்குக்கூட எட்டவில்லை. யாரும் சந்தேகப்படவில்லை. “அவுக மனசு அப்படி” என்றார் சம்பந்தி. அந்த வார்த்தை கிதிர் பாயைக் குத்தியதை நான் பார்த்தேன். காது மடல் சிவந்துவிட்டது.

ஹுஸைஃபா மீன் பையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தான். “நீங்களே விடுங்க மாமா. உங்க கை ராசியான கை.” செல்போன்கள் எல்லாம் அவரை நோக்கி உயர்ந்தன.

சாரல் காற்றில் எங்கோ மரம் விழுந்து காலையிலிருந்து கரண்ட் இல்லை, ஹீட்டரும் அணைந்து கிடந்தது. அவர் ஒரு விரலைத் தொட்டிக்குள் விட்டார், உடனே எடுத்துக்கொண்டார். பையிலும் குளிர்தான், இரவெல்லாம் ரயிலின் ஏசி பெட்டியில் வந்த மீன்கள். நிறம் மங்கி, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அவர் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“இப்ப விடக் கூடாது” என்றார். பழைய தோரணை ஒரு நிமிடம் திரும்பி வந்தது. “தண்ணி குளுந்து கெடக்கு. இந்த மீனுக்கு ஆகாது.”

“பாத்தீங்களா, இதுக்குத்தான் தெரிஞ்சவங்க வேணுங்கது” என்றார் சம்பந்தி.

அதோடு விட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். ஆனால் ஹுஸைஃபா நல்ல பையன். மீன் சாய்ந்து கிடப்பதை அவனும் பார்த்துவிட்டான்.

“அப்ப இப்ப என்ன செய்யணும் மாமா?”

கூடம் முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. கல்லுப்பு, லைட்டு என்று ஏதாவது சொல்வார் என்றுதான் நானும் நினைத்தேன். ஜாஹிரா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“தெரியாது மாப்பிள்ளை.”

“என்ன மாமா?”

“எனக்குத் தெரியாது. அங்கன நான் மீன் வளக்கல. வளத்தவருக்கு வாளிதான் தூக்கினேன். இங்கன வாங்கினது ரெண்டு, ரெண்டையும் நான்தான் கொன்னேன்.” அவர் யாரையும் பார்க்கவில்லை. “இதுவளாவது பொழைக்கட்டும். கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேளுங்க.”

ஹுஸைஃபா செல்போனில் எண்ணைத் தேடினான். மற்றவர்கள் தங்கள் செல்போன்களை மெல்லக் கீழே இறக்கினார்கள். சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மழையைப் பார்த்தார்.

கிதிர் பாய் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மீன் பையை வெறும் வயிற்றோடு சேர்த்து வைத்து, சட்டையால் மூடி, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, அதன்மேல் குனிந்துகொண்டார்.